இரவல் சாட்சி

அத்தியாயம் 14

விமான நிலையத்துப் பரிசோதனை வாயிலில் பெரியவரின் இடுப்புவார் ஓயாமல் ஒலி எழுப்பியதையும், கடைசியில் அவர் ஒரு கையில் கால்சட்டையையும் மறு கையில் வேதாகமத்தையும் பிடித்துக்கொண்டு கடல் கடந்த ஊழியத்துக்குப் புறப்பட்டதையும் சென்ற வாரம் பார்த்தோம். வந்து இறங்கி மூன்று நாளாகிறது. கால்சட்டை அதன் இடத்தில் நிற்கிறது. மற்றவை எதுவும் நிற்கவில்லை.

குழுவில் பதினொரு பேர். அவர்களில் நமக்கு வேண்டியவர்கள் நால்வர். சோஃபாக்கடை முதலாளியும் குழுத் தலைவருமான பெரியவர். அவர் மனைவி பெரியவள். பெரியவரின் தம்பியும் லிஃப்ட் மெக்கானிக்குமான சின்னவர். சின்னவரின் மனைவியும், மருத்துவமனை மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக் கொடுப்பவளுமான சின்னவள். முன்பெல்லாம் ஒரே வீட்டின் கீழ்த்தளத்தில் மூத்தவர்களும் மாடியில் இளையவர்களுமாகக் குடியிருந்தார்கள். நான்கு வருடங்களுக்கு முன் சின்னவள் தட்டுமுட்டுச் சாமான்களோடு வாடகை வீடு தேடிப் போனாள். எதற்காகப் போனாள் என்பதை இரு குடும்பமும் அன்று முதல் இன்றுவரை உட்கார்ந்து பேசித் தீர்த்ததில்லை.

காலை உணவு மேசையில் பெரியவர் எழுந்து நின்றார். எழுந்து நிற்பதில் அவருக்கு ஈடில்லை.

"இன்னிக்கு மூணாவது நாள். பயிற்சியிலேயே சொன்னாங்க, மூணாவது நாள்தான் கஷ்டம்னு. தூக்கம் வராது, வயிறு ஒத்துக்காது, வீட்டு ஞாபகம் வரும். எல்லாத்தையும் எதிர்பார்த்துத்தான் வந்திருக்கோம். முகம் சுளிக்கக் கூடாது. இந்த ரொட்டி யாருக்காவது காய்ஞ்சு போயிருக்கா?"

"ஆமா" என்றார் ஒருவர்.

"அதைத்தான் சொல்றேன். சுளிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, பெரியவர் தம் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்த கேக்கை வெட்டித் தின்னத் தொடங்கினார்.

சின்னவள் தன் தட்டைப் பார்த்துக்கொண்டாள். இந்தப் பயணத்தின் மேல் அவளுக்கு இருந்த மதிப்பு, காலாவதியான இருமல் மருந்தின் மேல் இருக்கக்கூடிய மதிப்பைவிடச் சற்றுக் குறைவு. பத்து நாளில் ஒரு நாட்டைத் திருத்திவிட்டு, பதினோராவது நாள் கடையைத் திறக்கப் போகிற கூட்டம் இது. புறப்படும் முன் ஆறு சனிக்கிழமை பயிற்சி நடந்தது. தண்ணீரை நம்பாதே, கொடுத்த சாப்பாட்டைத் தட்டாதே, நம் ஊரோடு ஒப்பிடாதே, நிறைவேற்ற முடியாத வாக்கைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறாதே. எல்லாம் நல்ல பேச்சுதான். 'நீங்கள் கொடுக்கப் போவதைவிடப் பெறப் போவதே அதிகம்' என்றும் பயிற்றுநர் சொன்னார். பெரியவர் அதை மனத்தில் ஆழப் பதித்துக்கொண்டு, ஒரு பெட்டியைக் காலியாகவே எடுத்து வந்திருந்தார்.

அந்தப் பயிற்சியில் முக்கியமானது சாட்சி. கடவுள் தன் வாழ்க்கையில் செய்ததை ஒவ்வொருவரும் மூன்றே நிமிடத்தில் சபை நடுவே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். முன்பு எப்படி இருந்தேன், எங்கே திரும்பினேன், இப்போது எப்படி இருக்கிறேன் என்பது அதன் அச்சு. பெரியவரின் சாட்சியைப் பயிற்றுநர் இரண்டு முறை திருப்பியனுப்பினார். நல்ல குடும்பத்தில் பிறந்தேன், நன்றாகப் படித்தேன், நல்ல கடை வைத்தேன் என்பதில் முன்பும் இருந்தது, இப்போதும் இருந்தது. திருப்பந்தான் இல்லை.

"அண்ணே, எங்கேயாவது கொஞ்சம் விழுந்திருக்கணுமே?" என்று பயிற்றுநர் கெஞ்சினார்.

பெரியவர் கண்ணை மூடி யோசித்தார். "எட்டாவது படிக்கறப்போ பக்கத்து பெஞ்சுக்காரன் ரப்பரை எடுத்தேன்."

"அப்புறம்?"

"திருப்பிக் கொடுத்துட்டேன்."

பயிற்றுநர் பெருமூச்சு விட்டார்.

சின்னவரோ விழுந்தவர். ஆனால் பயிற்சியில் வாயே திறக்கவில்லை. அவர் குடித்ததும், குடியை விட்டதும் சொந்தச் சபைக்குத் தெரியாது. வேலை பார்க்கும் நிறுவனத்துக்கும் தெரியாது. குடியை விடச் சிகிச்சைக்குப் போயிருந்த ஆறு வாரத்துக்கு வெளியில் சொன்ன பெயர் மஞ்சள் காமாலை. அந்தப் பொய்யைச் சுமந்து சுமந்து அவருக்குத் தோள் கன்றிப்போயிருந்தது. ஒரு நாள் சாயங்காலம், துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவியிடம் அவரே சொன்னார்: "அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. அங்கே வெச்சு ஒரு தடவை வாயால சொல்லிடறேன். சொல்லிப் பழகிட்டா அப்புறம் இங்கேயும் சொல்லிடுவேன்."

அந்த ஒரே காரணத்துக்காகத்தான் சின்னவள் விடுப்பு எடுத்தாள், தடுப்பூசி போட்டுக்கொண்டாள், இந்தக் காய்ந்த ரொட்டியையும் தின்றுகொண்டிருந்தாள். இன்று மாலைக் கூட்டத்தில் சின்னவரின் முறை.

* * *

காலை நிகழ்ச்சி, 'உள்ளூர்ச் சகோதரிகளோடு துணி துவைத்தல்'. குடியிருப்பின் பின்புறம் கால்வாய்க்கரையில் நாலைந்து பெண்கள் துணிமூட்டையோடு காத்திருந்தார்கள். பெரியவள் முழங்கைவரை நுரையோடு, முகத்தை மட்டும் கைபேசியின் பக்கம் திருப்பியவாறு துவைத்தாள்.

"பாரேன் சின்னவளே! இவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க!"

"ஒண்ணுமே இல்லைன்னு யாரு சொன்னாங்க அக்கா?"

"பார்த்தாலே தெரியலையா?"

கரையில் உட்கார்ந்திருந்த துபாஷி தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். கூட்டத்தில் பேசுவதையெல்லாம் உள்ளூர் மொழியில் மாற்றிச் சொல்பவள் அவள்தான். ஐம்பது வயதுக்காரி. தமிழ் பேசுகிற கப்பல் சமையல்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, அவர் காலமாகும்வரை அவரோடு பேசியே தமிழைக் கற்றுக்கொண்டவள். கப்பல் சமையலறையில் மரியாதைக்கு இடமில்லை போலும். குழுத் தலைவர் முதல் கைக்குழந்தை வரை அவளுக்கு எல்லாரும் 'டா'வும் 'டீ'யும்தான். பெரியவர் முதல் நாள் துணுக்குற்றார். பிறகு, பண்பாட்டு வேறுபாடுகளை எதிர்பார்க்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னது நினைவுக்கு வந்து, முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டார்.

"உன் ஓரகத்தி இன்னும் எவ்வளவு நேரம்டீ துவைப்பா?"

"படம் நல்லா வர்ற வரைக்கும்."

"அவளுங்க பாவம். வீட்டுல வாஷிங் மெஷின் சும்மா கெடக்கு. வெளிநாட்டுக் குழு வந்தா மட்டும் மூட்டையைத் தூக்கிட்டு இங்கே வரணும். வந்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு போதகர் சொல்லியிருக்கார். இப்ப இவ துவைக்கறதையெல்லாம் மத்தியானம் மெஷின்ல இன்னொரு தடவை போடணும்."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வெகு நாளாக யாரும் அவளை இப்படிச் சிரிக்க வைத்ததில்லை.

ஆனால் துபாஷி சிரிப்பை நிறுத்திவிட்டு அருகில் நகர்ந்தாள்.

"உன் வீட்டுக்காரன் காலையில எங்கிட்ட சொல்லிக் காமிச்சான். மாத்திச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுக்கறது என் வழக்கம். நல்லா சொன்னான். நடுவுல நிறுத்தித் தண்ணி குடிச்சான். பரவாயில்ல, நானும் குடிச்சேன். ஆனா ஒண்ணு கேக்கணும் உங்கிட்ட. உங்க வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேருமே லிஃப்ட் மேல ஏறிப் படுப்பாங்களா?"

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை.

"நேத்து பெரியவனும் சொல்லிக் காமிச்சான்டீ. குடிச்சிட்டு லிஃப்ட் கூண்டு மேல படுத்துத் தூங்கிட்டானாம். மேல் மாடியில யாரோ பட்டனை அழுத்திட்டாங்களாம். முழிச்சுப் பார்த்தா மேல் சுவர் நெஞ்சுக்கு நேரா இறங்கி வருதாம். சாண் அளவு இருக்கறப்போ நிறுத்தற சுவிட்ச் கையில பட்டுதாம். அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு நடந்து போய்ச் சேர்ந்துட்டானாம். உன் வீட்டுக்காரன் சொன்னதும் அதேதான். அதே சாண்." அவள் விரலை விரித்துக் காட்டினாள். "ஒவ்வொரு குழுவுலயும் ஒரு குடிகாரன் வருவான். போன குழுவுல ரெண்டு பேர். ஆனா ஒரே குடியை ரெண்டு பேர் குடிச்சு நான் இப்பத்தான் பாக்கறேன்."

* * *

பெரியவர் கூட்ட மண்டபத்தில் இருந்தார். மேடையில் எந்த இடத்தில் நின்றால் முகத்தில் வெளிச்சம் விழும் என்று, கடையில் சோஃபாவை நகர்த்துவதுபோலத் தம்மைத் தாமே நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், இன்னிக்கு சாயங்காலம் யார் பேசறாங்க?"

"குழுத் தலைவர்னு ஒருத்தன் இருக்கேனேம்மா."

"அவர் முறைன்னு சொல்லியிருந்தீங்களே."

"நாளைக்கு வெச்சுக்கலாம்."

"நாளைக்குக் கடைவீதிக்குப் போற நாள்."

"அங்கேயும் ஜனங்க இருக்காங்களே" என்று பெரியவர் வெளிச்சத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"அத்தான், லிஃப்ட் உங்களுக்கு எங்கேருந்து வந்தது?"

பெரியவர் மேடையிலிருந்து இறங்கினார். வெட்கப்படுவார் என்று ஒரு கணம் எதிர்பார்த்தவள் தன் எதிர்பார்ப்புக்காகத் தானே வெட்கப்பட்டாள். அவர் முகத்தில், தவணை முறையை விளக்கும்போது வருகிற பொறுமைதான் வந்தது.

"உக்காரும்மா. கதை யாரோடதுங்கறதைப் பார்க்கக் கூடாது. கேக்கறவனுக்குப் பலன் உண்டான்னு பார்க்கணும். ஒரு லிஃப்ட் மெக்கானிக் விழுந்தான்னா, பாவம்னு கேட்டுட்டுப் போயிடுவாங்க. ஒரு முதலாளி விழுந்தான்னா நிமிர்ந்து உக்காருவாங்க. தாக்கம்னு ஒண்ணு இருக்கே?"

"அதுக்கு நீங்க விழுந்திருக்கணும் அத்தான்."

"நாங்க ஒரே வயித்துல பொறந்தவங்க. வீட்டைப் பிரிச்சோம், பாத்திரத்தைப் பிரிச்சோம். அவமானத்தைப் பிரிச்சோமா? அவன் குடிச்சப்போ நாலு பேர் முன்னாடி தலை குனிஞ்சது யாரு? நான். தலைகுனிவுல எனக்குப் பங்குன்னா சாட்சியிலயும் பங்கு உண்டு."

"வாந்தியை அள்ளினதுல?"

"பாத்தியா, இந்த நாக்குதாம்மா உனக்கு எதிரி." பெரியவர் வருத்தத்தோடு தலையசைத்தார். "அவனுக்கு நான் நல்லதுதான் பண்றேன். ஊர் முன்னாடி அவன் அசிங்கப்படாம, அந்தப் பாரத்தை என் தோள்ல தூக்கிக்கறேன். இதைவிட ஒரு அண்ணன் என்னதான் செய்வான்?"

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளைப் பற்றிச் சின்னவள் கேள்விப்பட்டதுண்டு. இரவல் பாவத்தை உடுத்திக்கொண்டு மேடை ஏறத் துணிந்தவரை இப்போதுதான் பார்க்கிறாள். அவருடைய சொந்தப் பாவமோ வீட்டில் பூட்டிய நிலையில், புத்தம் புதிதாக, ஒரு சுருக்கம்கூட விழாமல் கிடந்தது.

* * *

சின்னவர் விடுதி அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் காலர் முடியும்வரை கேட்டார். பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"சொல்லட்டும்."

"என்னது, சொல்லட்டுமா?"

"அவருக்குன்னு சொல்லிக்க ஒண்ணுமில்ல. பாவம்."

"பாவம் இல்லாததுதானே அவருக்குப் பிரச்சினை!"

சின்னவர் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார். அவள் கண் தன்னையறியாமல் அவர் கைகளுக்குப் போயிற்று. நான்கு வருடமாக அவள் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் அதைக் கவனித்து இரண்டையும் அவள் முன் நீட்டினார்.

"நடுங்கல. பாத்துக்கோ."

"நான் அதுக்குப் பார்க்கல."

"அதுக்குத்தான் பார்த்தே. பரவாயில்ல." கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "ஒவ்வொரு வார்த்தையா சேர்த்து வெச்சிருந்தேன். இனிமே அதே லிஃப்ட்டை நான் போய்ச் சொன்னா, அண்ணன்கிட்ட திருடினவன்னு நெனப்பாங்க. விடு. ஊருக்குப் போகலாம். காமாலையாவே இருந்துட்டுப் போகட்டும்."

அதைக் கேட்டதும் சின்னவளுக்குப் பயம் பிடித்தது. கோபப்படுகிற மனிதரை அவளால் சமாளிக்க முடியும். இந்த 'விடு'வை அவளுக்குத் தெரியும். குடித்த காலத்திலும் அவர் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் 'விடு' என்பார். சொல்லிவிட்டுத்தான் வெளியே போவார்.

"கதவு விஷயத்தையும் சொல்றதா இருந்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. அதை எடுத்துட்டேன். அது அண்ணனோட விஷயம். அதைச் சொல்ல வேண்டியது நான் இல்ல."

கதவு விஷயம் இதுதான். ஆறு வாரச் சிகிச்சை முடிந்து, சின்னவர் கைப்பையோடு பட்டப்பகலில் தம் வீட்டுக்குத் திரும்பினார். சின்னவள் அப்போது மருந்தகத்தில் வேலையாக இருந்தாள். கீழ்த்தளக் கூடத்தில் சபைக் கமிட்டியார் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மாடிக்குப் போக அந்தக் கூடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். பெரியவர் ஜன்னல் வழியாகத் தம்பியைப் பார்த்தார், எழுந்து வந்தார், கதவைச் சாத்தித் தாழிட்டார். உள்ளே பேச்சும் சிரிப்பும் தொடர்ந்தன. சின்னவர் வாசற்படியில் உட்கார்ந்தார். மாலையில் வேலை முடிந்து வந்த சின்னவள் அவரை அங்கேதான் கண்டெடுத்தாள். அந்த வாரமே வீடு மாறினாள். பிறகு ஒருமுறை அவள் அதைப் பற்றிக் கேட்டதற்குப் பெரியவர், "எந்தக் கதவு?" என்றார். அவ்வளவோடு அந்தப் பேச்சு முடிந்தது.

* * *

வெயில் தாழ்ந்ததும் மண்டபம் நிறைந்தது. உள்ளூர்க்காரர்கள் குளித்துத் தலைவாரி, பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள். சின்னவர் இஸ்திரி போட்ட சட்டையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் சின்னவள். இரண்டு வரிசை முன்னால் பெரியவள், கைபேசியை மேடைக்கு நேராகப் பிடித்திருந்தாள்.

பெரியவர் நன்றாகவே பேசினார். அதுதான் பொறுக்கவில்லை. குடித்த கதையைச் சொன்னார். லிஃப்ட் கூண்டின் மேல் படுத்த கதையைச் சொன்னார். சாண் அளவை இரண்டு கையாலும் காட்டினார். துபாஷி அவருக்குக் காத்திருக்கவே இல்லை. அவர் வாக்கியத்தைத் தொடங்கும்போதே அவள் முடித்துவிட்டு, மண்டபத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆறு வாரம்! ஆறு வாரம் ஆஸ்பத்திரியில கெடந்தேன். புது மனுஷனா, கையில ஒரு பையோட, என் வீட்டு வாசலுக்கு வந்தேன்."

சின்னவள் நிமிர்ந்தாள். இது ஒத்திகையில் இல்லாதது. துபாஷியும் கூரையிலிருந்து பார்வையை இறக்கினாள்.

"உள்ளே விருந்தாளிங்க. தேநீர் குடிச்சிட்டிருக்காங்க. எனக்கு மணம் வருது. ஜன்னல் வழியா ஒருத்தன் என்னைப் பார்க்கறான். யாரு? என் கூடப் பொறந்தவன். என் சொந்தத் தம்பி!" பெரியவரின் குரல் உடைந்தது. "என் முகத்துக்கு நேரா கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழற சத்தம் இன்னிக்கும் என் காதுல இருக்கு. ஆனா நான் அவனை மன்னிச்சுட்டேன். முழுசா மன்னிச்சுட்டேன்!"

மண்டபத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

 எந்தக் கதவு என்று கேட்ட மனிதருக்குக் கதவு தெரிந்திருந்தது, தாழ்ப்பாள் தெரிந்திருந்தது, தேநீரின் மணம்கூடத் தெரிந்திருந்தது. ஒன்றையும் அவர் மறக்கவில்லை. விழுந்தவனின் இடத்தைத் தாம் எடுத்துக்கொண்டபோது, கதவுக்குப் பின்னால் ஓர் ஆள் குறைவதைக் கண்டிருக்கிறார். கடைக்காரர் அல்லவா? காலி இடத்தைப் பார்த்ததும் அங்கே தம்பியைத் தூக்கி வைத்துவிட்டார்.

கைதட்டல் ஓய்ந்ததும் பெரியவர் இறங்க முற்பட்டார். உள்ளூர்ப் போதகர் எழுந்து, அவர் தோளில் கை வைத்து நிறுத்தி, ஏதோ சொன்னார். துபாஷி தமிழில் மாற்றினாள்.

"இந்தச் சபையில ஒரு வழக்கம் உண்டாம். ஒருத்தன் சாட்சியில இன்னொருத்தன் வந்தா, அவன் இந்தக் கூரைக்குக் கீழே இருந்தா, அவனும் முன்னால வந்து பக்கத்துல நிக்கணும். மன்னிப்பை முதுகுக்குப் பின்னால கொடுக்கக் கூடாதாம். தம்பியைக் கூப்பிடறார்."

ஆறு சனிக்கிழமைப் பயிற்சியில் தண்ணீர், வயிற்றுப்போக்கு, கொசு, வீட்டு ஞாபகம் எல்லாம் வந்தன. இது வரவில்லை.

"வேண்டாம் வேண்டாம்" என்றார் பெரியவர். "அவன் ரொம்பக் கூச்சப்படுவான். சங்கடப்படுத்த வேணாம்."

துபாஷி அதையும் மாற்றிச் சொன்னாள். அதற்குள் மண்டபமே கடைசி வரிசையைப் பார்த்துத் திரும்பிவிட்டது. இருவருக்கும் ஒரே மூக்கு. விசாரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கதவைச் சாத்திய கல்நெஞ்சனை எல்லாரும் இரக்கத்தோடு பார்த்தார்கள்.

சின்னவர் எழுந்தார்.

சின்னவள் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். குடியை விட்ட நாளிலிருந்து அவர் மன்னிப்புக் கேட்டுக் கேட்டே பழகிப்போன மனிதர். அவளிடம் கேட்டார், அவள் அம்மாவிடம் கேட்டார், மேலதிகாரியிடம் காரணம் சொல்லாமலே கேட்டார். இதற்கும் கேட்டுவிடுவார். செய்யாத ஒன்றுக்காக இத்தனை பேர் நடுவில் தலை குனிந்துவிட்டாரானால், அதற்குப் பிறகு இந்த மனிதர் தம் வாயால் எதையும் சொல்லப் போவதில்லை.

"போகாதீங்க" என்றாள்.

"விடு" என்றார் அவர். ஆனால் அது மத்தியானத்து 'விடு' இல்லை. அவள் கை தானாகவே சட்டையை விட்டது.

அவர் நடந்துபோய் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றார். பெரியவர் வேகமாகக் கையை விரித்துத் தழுவ வந்தார். தழுவிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், படமும் நன்றாக வரும். சின்னவர் ஓர் அடி பின்வாங்கித் துபாஷியின் பக்கம் திரும்பினார்.

"நான் அந்தக் கதவைச் சாத்தலைங்க."

துபாஷி இம்முறை காத்திருந்தாள். அவர் முடித்த பிறகே, ஒவ்வொரு சொல்லாக மாற்றினாள்.

"வாசப்படியில உக்காந்திருந்தது நான்தான். லிஃப்ட் மேல படுத்திருந்ததும் நான்தான்." சபையின் பக்கம் திரும்பினார். "நான் குடிகாரன். நாலு வருஷமா குடிக்கல. இதுவரைக்கும் இதை எந்தச் சபையிலயும் சொன்னதில்ல. என் சம்சாரத்துக்கு எல்லாம் தெரியும். அவ அங்கே உக்காந்திருக்கா."

எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடத்தில் பாதிகூட ஆகவில்லை. சின்னவளுக்கு எதிரே இருந்த முகங்கள் எல்லாம் கலங்கித் தெரிந்தன.

மண்டபத்தில் சலசலப்பு. பெரியவர் ஒலிவாங்கியைப் பற்றினார்.

"அதாவது... ஒரு குடும்பம்னு சொன்னா, ரெண்டு பேருமே கஷ்டப்பட்டோம். ஒரு விதத்துல பார்த்தா நானும் வெளியிலதான் இருந்தேன். மனசளவுல. அவனும் வெளியில, நானும் வெளியில..."

முன்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் எழுந்தாள். கேலியாக அல்ல, உண்மையிலேயே விளங்காமல் ஏதோ கேட்டாள். துபாஷி ஒலிவாங்கியைப் பெரியவர் கையிலிருந்து மெல்ல வாங்கினாள்.

"அவ கேக்கறா. அண்ணனும் வெளியே, தம்பியும் வெளியேன்னா, உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டது யாருன்னு. சொல்லுடா."

பெரியவர் போதகரைப் பார்த்தார். குழுவைப் பார்த்தார். குழு தன் காலணிகளைப் பார்த்தது.

இரண்டு வரிசை முன்னால் ஒரு நாற்காலி தரையில் உராய்ந்தது. பெரியவள் எழுந்து நின்றிருந்தாள். கைபேசி கையிலிருந்து விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. இத்தனை வருடத்தில் புருஷன் பேசும்போது அவள் எழுந்து நின்று சின்னவள் பார்த்ததில்லை.

"அன்னிக்கு உள்ளே நான் இருந்தேன்" என்றாள் பெரியவள். "தேநீர் கொடுத்துட்டிருந்தேன். எல்லாத்தையும் பார்த்தேன்."

"உக்காருடி" என்றார் பெரியவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

துபாஷி அதையும் சபைக்கு மொழிபெயர்த்தாள்.

பெரியவள் உட்காரவில்லை.